அம்மாவை 'டூட்' எனலாமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பதினோரு வயதுப் பேரன் வாயைத் திறந்தால் 'டூட்'தான். நண்பன், தங்கை, வீட்டு நாய் எல்லாமே டூட். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று வீட்டுப்பாடம் எழுதச் சொன்ன அம்மாவிடம், "டூட், இப்பதான் ஸ்கூல்ல இருந்து வந்தேன்" என்கிறான். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அகராதியில் 'ஆள்' என்று போட்டிருக்கிறது. இது மரியாதைக் குறைவு இல்லையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

அகராதி சொல்வது சரிதான், ஆனால் உங்கள் பேரன் சொல்லும் டூட் அந்த ஒரு சொல்லில் அடங்காது.

முதலில் அது ஒரு வசவு. 1883இல் நியூயார்க் பத்திரிகைகளில் அந்தச் சொல் திடீரென்று பரவியது. இறுக்கமான கால்சட்டை, கைத்தடி, வரவழைத்துக்கொண்ட இங்கிலாந்து உச்சரிப்பு என்று திரிந்த பணக்கார வீட்டு இளைஞர்களைக் கேலி செய்யத்தான் டூட் என்றார்கள். அப்புறம் மேற்கே போனது. மாட்டுப் பண்ணைகளுக்கு விடுமுறைக்கு வந்த நகரத்துக்காரர்களைப் பண்ணையாட்கள் அப்படி அழைத்தார்கள். வயோமிங், மொன்டானா பக்கம் 'டூட் ராஞ்ச்' என்ற பெயரில் விடுமுறைப் பண்ணைகள் இன்றும் நடக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் தங்களுக்குள் அழைத்துக்கொள்ளும் சொல்லாக அது மாறியது. அவர்களைத் தொட்டு கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்களிடம் வந்தது. நீங்கள் இருக்கும் அதே கடற்கரைப் பக்கம்தான். 1980களில் சினிமா அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004இல் இந்த ஒரு சொல்லைப் பற்றியே முழுக் கட்டுரை எழுதியிருக்கிறார். இளைஞர்கள் இதைச் சும்மா அள்ளித் தெளிப்பதில்லை என்று காட்டுகிறார். வியப்புக்குச் சொல்கிறார்கள், ஆமோதிக்கச் சொல்கிறார்கள், பேச்சைத் தொடங்கவும் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது இன்னொன்று: ஒருவரை மறுக்கும்போதோ குறை சொல்லும்போதோ அதன் கூர்மையை மழுக்குவதற்கும் டூட் போடுகிறார்கள். 'நான் மறுத்துப் பேசினாலும் நமக்குள் சண்டை இல்லை' என்பது அதில் இருக்கிறது.

உங்கள் பேரன் சொன்ன வாக்கியத்திலிருந்து டூட்டை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். "இப்பதான் ஸ்கூல்ல இருந்து வந்தேன்." வெடுக்கென்று இருக்கிறது, இல்லையா? டூட் சேர்ந்ததும் அது கெஞ்சலாகிவிடுகிறது. மகள் ஒன்றும் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். வீட்டில் கவனித்துக் கேளுங்கள். பால் கொட்டினால் 'டூ...ட்' என்று இழுப்பான். தங்கை ரிமோட்டைப் பிடுங்கினால் வெட்டினாற்போல் ஒரு 'டூட்' வரும். விளையாட்டில் ஜெயித்தால் குரல் மேலே போகும். ராகம்தான் பொருளைச் சொல்கிறது.

நமக்கு இது புதிதில்லை. நம் 'டா'வை எடுத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டியாடா?" என்று அம்மா கேட்பதும், "யாருடா நீ?" என்று தெருவில் ஒருவன் கேட்பதும் ஒரே டா தான். ஆனால் பெற்றவர்களை நோக்கி நாம் டா போடுவதில்லை. உங்களுக்கு உறுத்துவது அந்த இடம்தான். அந்த உறுத்தல் நியாயமானது என்றே நினைக்கிறேன். டூட் இரண்டு பேரையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிற சொல். தமிழில் அம்மாவுக்கு அந்த மட்டம் கிடையாது. அங்கே பல வீடுகளில் உண்டு.

அதனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பள்ளியில் ஆசிரியரிடமும் டூட் என்கிறானா? இல்லை என்றால், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம், மகளிடம் தனியாகக் கேளுங்கள். நெடுங்காலம் ஆண்களுக்கிடையே மட்டும் புழங்கிய சொல் அது. பெண்களும் இன்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் தங்களை அப்படி அழைப்பதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் பேரன் நிறுத்தத்தான் வேண்டும், அதை அவளே அவனிடம் சொல்லட்டும். பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள் ஐயா. ஒருநாள் உங்களையும் டூட் என்பான். அன்று உங்கள் விருப்பத்தை நீங்களே அவனிடம் சொல்லலாம்.