சதுக்கப்பூதமும் ஒரு ஆணியும்

கேள்வி: இன்றைய நகரங்களில் மனிதரோடு மனிதராக ஃபேரிகள் என்ற மாய இனத்தார் திரிவதாக ஆங்கிலத்தில் திகில் கதைகள் நிறைய வருகின்றன. தமிழில் அப்படி ஒன்று எழுத ஆசை. நம்ம காவிரிக்கரைக்கு அது ஒட்டுமா சார்?
— ஒரு வாசகி, குத்தாலம்

பதில்: சிறகையும் மந்திரக்கோலையும் விட்டுவிட்டால் ஒட்டும். அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கிராமத்தார் ஃபேரிக்கு நடுங்கினார்கள். தொட்டில் பிள்ளையை எடுத்துக்கொண்டு தன்னுடையதைக் கிடத்திவிட்டுப் போய்விடுமாம். அதற்கு இரும்பு ஆகாது என்று தொட்டிலின் குறுக்கே இடுக்கியை வைப்பார்கள்.

எங்கள் அப்பாயியும் அதே கட்சிதான். பொழுது சாய்ந்து கறிக்குழம்புத் தூக்கோடு அத்தை வீட்டுக்கு அனுப்பினால், மூடிமேல் ஒரு கரித்துண்டும் ஆணியும் வைத்துத்தான் விடுவார். வாய்க்கால் கரையில் கன்னிமார் கல்லைத் தாண்டும்வரை ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். காவல் எனக்கில்லை, குழம்புக்கு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, நகரம்? பூம்புகார் இருக்கிறதே! சிலப்பதிகாரத்தில் அந்த ஊர் நாற்சந்தியில், அதாவது சதுக்கத்தில், ஒரு பூதம் நிற்கிறது. பொய்ச்சாட்சி, புறங்கூறுகிறவர், போலித் துறவி எல்லாரும் என் கயிற்றில் விழுவீர்கள் என்று நான்கு காதம் கேட்கக் கத்தும். பிடித்தால் அடித்துத் தின்னும்.

ஃபேரியிடம் பேரம் பேசலாம்; அந்தக் கதைகளே பேரத்தில்தான் ஓடுகின்றன. இதனிடம் செல்லாது. பத்தினி ஒருத்திமேல் அவள் கணவனிடமே பொய்ப்பழி சொன்னவனைப் பூதம் கட்டிவிட்டது. அவன் தாய் அழுவதைப் பார்த்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்று கோவலன் போய் நிற்கிறான். மட்டமான உயிருக்கு நல்ல உயிரை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் கண்முன்னே மகனைத் தின்கிறது. அப்புறம் அந்தக் குடும்பத்தைப் பல வருஷம் காப்பாற்றியது கோவலன்தான்.

நீங்கள் அந்தத் தாயின் பக்கமிருந்து எழுதுங்கள். மயிலாடுதுறை கோர்ட் வாசல் டீக்கடையில் அவளை உட்கார வையுங்கள். உள்ளே கூண்டில் மகன் சத்தியம் செய்கிறான்.

ஒரு யோசனை இலவசம்: மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலை எண்பதுகளில் நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அந்த இரும்புக்கு வடக்கே, பூம்புகார்ப் பக்கம், அதுவரை தாண்ட முடியாமல் நின்றது எது?