குண்டு படவில்லை, புகைதான்: வி.ஏ. மருத்துவம் கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் கிரீன் கார்டில் இருந்தபோதே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 2006-07ல் இராக்கில் பலாட் தளத்தில் லாரி ஓட்டினார். 2009ல் நற்சான்றோடு வெளியே வந்தார். இப்போது டல்லாஸில் ஐ.டி. வேலை. 2015ல் ஆஸ்துமா என்று சொன்னார்கள், தினமும் இன்ஹேலர் எடுக்கிறார். தளத்தில் குப்பை எரித்த புகைதான் காரணம் என்று நினைக்கிறோம். நிரூபிக்கக் கையில் எதுவும் இல்லை. 2016ல் வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறையில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தோம். வருமானம் அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்கலாம் என்றால், "எனக்கென்ன குண்டா பட்டது, விடு" என்கிறார். வழி உண்டா? சில வருடங்களில் கோவைக்கே திரும்பும் எண்ணமும் இருக்கிறது.
- வாசகி, டெக்சாஸ்

பதில்: வழி உண்டு. 2016ல் மறுத்தது அன்றைய விதிப்படி சரிதான். போர்முனையிலிருந்து திரும்பியவர்களை, பணியை விட்டு வந்து ஐந்து வருடம் வரை சம்பளம் பார்க்காமல் சேர்த்துக்கொள்வது அப்போதைய விதி. உங்கள் கணவருக்கு அந்தக் காலம் 2014லேயே முடிந்துவிட்டது.

அப்புறம் சட்டம் மாறியது. நச்சுப்புகை போன்றவற்றுக்கு ஆளான முன்னாள் படைவீரர்களுக்கான பாக்ட் சட்டம் 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தானது. இராக்கில் பணியாற்றி, நுரையீரல் புற்றுநோயால் 2020ல் இறந்துபோன ஒஹையோ தேசியக் காவல்படை வீரர் ஹீத் ராபின்சனின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. 2032 வரை படிப்படியாகத் திறக்க வேண்டிய கதவை, வி.ஏ. 2024 மார்ச் 5 அன்றே முழுதாகத் திறந்துவிட்டது. பணியில் இருந்தபோது நச்சுப்புகை, ரசாயனம் போன்றவற்றுக்கு ஆளானவர்கள் இப்போது நேரடியாகச் சேரலாம், வருமானம் தடையில்லை. நோய் வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவமதிப்போடு வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது, குறைந்தபட்சப் பணிக்காலம் முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குடியுரிமையை யாரும் கேட்கப்போவதில்லை.

நிரூபிக்க எதுவும் இல்லை என்கிறீர்கள். பலாட்டின் எரிகுழி ஊரறிந்தது. பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவமனைக் கழிவு எல்லாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றி எரித்த இடம். ஆனாலும் அதன் பக்கத்தில் எத்தனை நாள் நின்றார் என்று உங்கள் கணவர் காட்ட வேண்டியதில்லை. 1990 ஆகஸ்ட் 2க்குப் பிறகு இராக்கில் பணியாற்றியிருந்தாலே அவர் புகைக்கு ஆளானவர் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. பணிக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்துமா, அந்தப் புகையால் வந்ததாகக் கருதப்படும் நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. அவர் இராக்கில் இருந்ததைக் காட்டும் டிடி-214 என்ற பணிவிடுவிப்புப் படிவமும், 2015ல் ஆஸ்துமா என்று எழுதிய மருத்துவரின் குறிப்பும் போதும். டிடி-214 தொலைந்திருந்தால் தேசிய ஆவணக்காப்பகத்தில் நகல் கேட்கலாம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மருத்துவத்தில் சேர்வது ஒன்று, ஊனமுற்றோர் இழப்பீடு கேட்பது வேறொன்று. முன்னதற்கு 10-10ஈஇஸட் படிவம், பின்னதற்கு 21-526ஈஇஸட். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டும் நடந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டையும் போடுங்கள். இழப்பீட்டுக்கு முதலில் 'விண்ணப்பிக்கும் எண்ணம்' என்ற சிறு படிவத்தைக் கொடுத்துவிட்டால், முழு விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் கிடைக்கும். அது அனுமதியானால் பணம் பெரும்பாலும் அந்த முதல் தேதியிலிருந்தே கணக்காகும். 2022 வரை பின்தேதியிட்டுக் கொடுத்த சலுகை 2023 ஆகஸ்டோடு போய்விட்டது. அதனால் இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். இன்ஹேலர் தினசரி மருந்தாக எழுதப்பட்ட சீட்டுகளை மறக்காமல் இணையுங்கள், இழப்பீட்டுக்கான ஊனச் சதவீதத்தைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

சேர்ந்த பிறகு நச்சுப் பரிசோதனை என்று அழைப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரத்தமெல்லாம் எடுப்பதில்லை, எங்கே இருந்தீர்கள், எதைச் சுவாசித்தீர்கள் என்று ஐந்து பத்து நிமிடம் கேட்பார்கள். அலுவலகக் காப்பீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

யாராவது பணம் கேட்டு உங்கள் முதல் விண்ணப்பத்தைப் போட்டுத் தருகிறேன் என்றால் கதவைச் சாத்துங்கள். முதல் முடிவு வரும்வரை அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம், வழக்கறிஞருக்கும் சேர்த்துத்தான். அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் இலவசமாகச் செய்துகொடுக்கும். முடிவு பாதகமாக வந்தால் ஒரு வருடத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், வக்கீல் அப்போது வரட்டும்.

கோவை விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வி.ஏ. மருத்துவத்தில் சேர்ந்திருப்பது மட்டும் இந்தியாவில் உதவாது. ஆனால் ஆஸ்துமா பணியால் வந்ததென்று வி.ஏ. ஏற்றுக்கொண்டிருந்தால், அதற்கு இந்தியாவில் ஆகும் சிகிச்சைச் செலவை வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தின் கீழ் ரசீது காட்டித் திரும்பப் பெறலாம். இழப்பீட்டுத் தொகையும் அங்கே வரும். சர்க்கரை, முழங்கால் வலி என்று தொடர்பில்லாத எதற்கும் அந்த மருத்துவத் திட்டம் செல்லாது. இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கும் அழைக்கக்கூடும். டல்லாஸில் இருக்கும்போதே அதை முடித்துக்கொள்ளுங்கள். 'குண்டு படவில்லை' என்று தயங்கும் உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: இதற்கெல்லாம் குண்டு பட்டிருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை.