தோட்டத்து மோட்டாருக்கு இணையத்தில் வாசல் திறக்கலாமா?

கேள்வி: எங்கள் விளையில் ஏத்தன் வாழையும் தென்னையும் நிற்கின்றன. மண் ஈரம் அறிய 12 சென்சார்கள், செல்போனில் இயங்கும் மோட்டார் ஸ்விட்ச், ஒரு கேமரா ஆகியவற்றைப் பொருத்த இருக்கிறோம். எல்லாவற்றையும் வைஃபையில் இணைத்து, வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வழியைத் திறந்துவிடலாம் என்கிறார் அமைத்துத் தருபவர். இது சரியா?
- வாசகர், குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: போர்ட்டைத் திறக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் இணையத்தில் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே அந்த அக்டோபரில் டின் நிறுவனத்தின் பெயர்ச்சேவையை (இணையதளப் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கண்டு சொல்லும் சேவை) தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வழியில்லாமல், சென்சார்களின் தகவலைத் திரட்டி இணையத்துக்கு அனுப்பும் உங்கள் கேட்வே கருவியே வெளியே சென்று, கருவிகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் எம்க்யூடிடி சர்வருடன் இணையட்டும். செல்போனும் அதே சர்வருக்கு வரட்டும். இணைப்பு, மறையாக்கம் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாத 1883 போர்ட்டில் அல்லாமல், டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பாதுகாப்புள்ள 8883-இல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தன்னை அடையாளம் காட்டும் தனி மின்னணுச் சாவி வேண்டும். ஈரம் அளக்கும் சென்சாருக்குத் தன் அளவை அனுப்பும் உரிமை மட்டும் போதும், மோட்டாருக்குக் கட்டளையிடும் உரிமை கூடாது.

சென்சார்களுக்கு வைஃபை பொருந்தாது, பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளைத் தொலைவுக்கு அனுப்பும் லோராவான் என்ற கம்பியில்லா முறையே ஏற்றது. அதில் 128 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் உண்டு, பழைய செய்தியைப் பதிவுசெய்து மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண்ணும் உண்டு. மண்ணின் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை என்பதால் அரை மணிக்கு ஒரு முறை அனுப்பினால் போதும். பக்கத்து ரப்பர் மரங்களும் மேடுபள்ளங்களும் சிக்னலைக் குறைக்கும். ஆகவே ஆன்டெனாவை உயரத்தில் வைத்து, தளிர் நிறைந்த மழைக்காலத்திலும் சோதித்துப் பாருங்கள்.

நான் மிக வலியுறுத்துவது மோட்டாரைப் பற்றித்தான். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையிலும் இடி மின்னலில் இணையம் அறுந்துபோவது வழக்கம். மோட்டார் ஓடும்போது இணைப்பு போய்விட்டால், அதை நிறுத்தும் முடிவு தொலைவிலுள்ள சர்வரிடம் இருக்கக் கூடாது. தொடர்ந்து ஓடக்கூடிய நேரத்தின் வரம்பையும், கிணற்றில் நீர் வற்றினால் தானாக நிற்பதையும் பம்ப்செட் அறையில் உள்ள கன்ட்ரோலரிலேயே அமையுங்கள். செல்போன் கட்டளைக்குக் காலாவதி நேரமும் இருக்கட்டும். நீங்கள் காலையில் அழுத்திய 'ஆன்' இணையம் திரும்பிய மாலையில் வந்துசேர்ந்தால் மோட்டார் அதைப் புறக்கணிக்க வேண்டும்.

கேமராவை மற்றவற்றோடு சேராத தனி வைஃபையில் வையுங்கள். கருவிகளை வாங்கும் முன், அவற்றின் மென்பொருளுக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.