மூன்றுக்கும் 500 நியூட்டன் மீட்டர்தான், எதை வாங்குவது? வேகமான செடான்கள் பற்றிய கேள்வி பதில்

கோவை கணபதியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் பட்டறை என்னுடையது. வேகமான செடான்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பொறுக்கியவற்றுக்கு இங்கே பதில். ஷோரூமில் விலை பேசித் தரச் சொன்னவர்களும் ஃபேன்சி நம்பர் கேட்டவர்களும் மன்னிக்கவும்.

திருப்பூர்: ஏனுங்ணா, பி.எம்.டபிள்யூ எம்340ஐ, ஆடி எஸ்5, மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி43. மூன்றில் எது? தினமும் அவிநாசி ரோடு, மாதம் ஒரு தடவை வால்பாறை.

பதில்: நல்ல கேள்விங்க, ஓடும் ரோட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் ஒரு வேடிக்கை. எம்340ஐ 374 குதிரைத்திறன், எஸ்5 354, சி43 402. டார்க், அதாவது சுழற்றும் முறுக்கு விசை மட்டும் மூன்றுக்கும் 500 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் சி43 ஜெயிக்க வேண்டும். ஆனால் அந்த 500, என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும்போது கிடைக்கிறது என்று பாருங்கள். எஸ்5க்கு 1,370 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். எம்340ஐக்கு 1,900இல். சி43க்கு 5,000இல்தான் முழுதாக வரும், ஏனென்றால் அது இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர். மற்ற இரண்டும் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர். மெர்சிடிஸ்காரர்கள் இதற்காகவே, புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டில் ஒரு குட்டி மின்மோட்டாரை வைத்து, புகை வேகம் பிடிக்கும் முன்பே டர்போவைச் சுழல விடுகிறார்கள். கெட்டிக்கார வேலைதான். இருந்தாலும் ஆழியாறிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் முழுக்க இறங்கி, வெளியே வரும்போது கீழ்ச்சுற்றிலிருந்துதான் இழுக்க வேண்டும். அங்கே பெரிய என்ஜினின் சுகமே வேறு.

அதிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எம்.டபிள்யூவின் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பவை. மேலும் கீழும் போகும் பிஸ்டன்களின் விசை ஒன்றையொன்று தானாகவே சமன் செய்துகொள்ளும், அதிர்வை அடக்கத் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் வேண்டாம். ஆடியின் வி6க்கு அது வேண்டும், நாலு சிலிண்டருக்கும் வேண்டும். பம்ப் செட்டுக்கு பேலன்சிங் பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இனி கியர்பாக்ஸ். பி.எம்.டபிள்யூ, ஆடி இரண்டிலும் இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் பெட்டி, என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. சி43இல் ஒன்பது கியர். அதில் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெயில் முங்கிய கிளட்ச் இருக்கிறது. வேகமாக ஓட்டும்போது சுறுசுறுப்பு. ஊர்ந்து போகும்போது லேசாக இடிக்கும். ஜி.டி. நாயுடு பெயரில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது உங்களுக்கு வசதிதான். ஆனால் மேம்பாலத்தை விட்டு இறங்கினால் கீழே ஊர்ந்துதான் ஆக வேண்டும். என் ஓட்டு எம்340ஐக்கு. அடுத்தது எஸ்5.

ஈரோடு: கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சர்வீசில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: யாருடைய ஆயுள் என்று திருப்பிக் கேளுங்கள். பெட்டியைச் செய்கிற இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. ஒரே எண்ணெயில் மாதக்கணக்கில் பஜ்ஜி சுட்டால் என்ன ஆகும்? அதேதான் உள்ளேயும். கிளட்ச் தகடு தேய்ந்த பொடி எண்ணெயில் கலந்து, கியர் மாற்ற எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் போய் உட்காரும். அப்புறம் மூன்றாவது கியரில் தயக்கம், நிறுத்தும்போது பின்னால் யாரோ தட்டுவது போல ஒரு குத்து.

இன்னொரு விஷயம். இந்தப் பெட்டியில் ஃபில்டர் தனியாக வராது, பிளாஸ்டிக் அடித்தட்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கும் கிடையாது. என்ஜினை ஓட விட்டு, எண்ணெயின் சூடு குறிப்பிட்ட அளவில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்க முடியும். ஸ்கேனர் இல்லாமல் ஊற்றுகிற இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். சொல்லப்போனால் இதே இசட்.எஃப்.க்குக் கோவையில் ஆலை இருக்கிறது, காற்றாலைக்கான கியர்பாக்ஸ் செய்கிறார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகளில் எண்ணெயைப் பரிசோதிக்காமல் யாரும் வருஷக்கணக்கில் விடுவதில்லை. காருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

நாமக்கல்: லாரி வைத்திருக்கிறோம். சி63க்கு 1,020 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். லாரி என்ஜின் அளவுக்கு டார்க் ஒரு காருக்கு எப்படி?

பதில்: மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி.யின் புதிய சி63 எஸ் வண்டியின் முன்னால் சி43இன் அதே இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர், பின் அச்சில் ஒரு மின்மோட்டார். இரண்டும் சேர்ந்து தருகிற கணக்கு அது. பேட்டரி 6.1 கிலோவாட் மணி மட்டுமே, முழு வேகம் சில நிமிஷக் கதை. உங்கள் லாரி பாரத்தோடு நாள் முழுக்க இழுக்கும். தவிர டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கினால்தான் திறன் வரும். லாரி டீசல் சுமார் 2,500 சுற்றோடு அடங்கிவிடும், கார் 6,500க்கு மேலும் போகும். பழைய வி8 சி63ஐ விடப் புதியது வெகுவாகக் கனம், இரண்டு டன்னைத் தாண்டிவிட்டது. எனக்குப் பிடித்தது பழையது.

பொள்ளாச்சி (கல்லூரி மாணவர்): டபுள் கிளட்ச்தான் எப்போதுமே வேகம் அண்ணா. டார்க் கன்வெர்ட்டர் மாமாக்களுக்கானது.

பதில்: தம்பி, பி.எம்.டபிள்யூ எம்5 வரலாற்றைப் பார். 2005இல் வந்த வி10 வண்டியில் ஒற்றை கிளட்ச் ஆட்டோமேட்டிக், கியர் மாறும்போது தலை முன்னால் போய் வரும். 2011இல் டபுள் கிளட்ச். 2017இல் அதைத் தூக்கிவிட்டு டார்க் கன்வெர்ட்டர். 2024இல் வந்த ஹைப்ரிட் எம்5இலும் டபுள் கிளட்ச் திரும்பி வரவில்லை. ஆடி ஆர்.எஸ்.5உம் இதே வழிதான். முதல் தலைமுறை வி8இல் டபுள் கிளட்ச், அடுத்த தலைமுறை வி6இல் கன்வெர்ட்டர். இவர்கள் எல்லாரும் மாமாக்களா?

பொள்ளாச்சி: செலவைக் குறைக்க மாற்றியிருப்பார்கள்.

பதில்: வேறு காரணங்களும் இருக்கின்றன. டபுள் கிளட்சில் ஒற்றைப்படை கியர்கள் ஒரு தண்டில், இரட்டைப்படை இன்னொன்றில். அடுத்த கியரை முன்கூட்டியே கோத்து வைப்பதால்தான் வேகம். நாலிலிருந்து நேராக இரண்டுக்கு இறங்கச் சொன்னால் இரண்டுமே ஒரே தண்டில்தான், அங்கே திணறும். கன்வெர்ட்டர் வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே லாக் ஆகிவிடும். அதன் பிறகு எண்ணெய் வழியாக வழுக்கல் இல்லை, நேரடிப் பிணைப்புதான். கிளம்பும்போது டார்க்கைப் பெருக்கியும் தரும். ட்ராஃபிக்கில் ஊரும்போது சூடு எண்ணெய்க்குப் போகும், தகடு கருகாது. அந்த எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

கரூர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். போர்ஷே பனமேராவில் இன்றும் எட்டு கியர் டபுள் கிளட்ச்தானே? அதற்கும் இசட்.எஃப். கைதானே? அப்படியானால் அந்தக் கம்பெனியே இரண்டையும் நம்புகிறது.

பதில்: சரியான அடிங்க. போர்ஷே அதைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று, சொன்ன கணத்தில் கியர் இறங்க வேண்டும். அந்தத் துல்லியம் டபுள் கிளட்சுக்கு இன்றும் ஒரு படி மேல்.

பொள்ளாச்சி: அப்போ நான் சொன்னது சரி. செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் போய்ப் பார்க்கலாமா?

பதில்: நீ சொன்னது "எப்போதுமே". அந்தச் சொல்லைத்தான் மறுக்கிறேன். கரி ட்ராக் 2.1 கிலோமீட்டர், குறுகல் வளைவுகள். இரண்டு டன் செடானுக்கு அங்கே முதலில் தீர்வது டயரும் பிரேக்கும். கியர்பாக்சின் மில்லி செகண்டெல்லாம் அதற்கு அப்புறம்.

கரூர்: ஃபார்முலா ஒன் ஓட்டிய நாரெய்ன் கார்த்திகேயன் ஊரில் இருந்துகொண்டு ட்ராக்கை இப்படிக் குறைத்துப் பேசலாமா?

பதில்: ட்ராக்கைக் குறைக்கவில்லைங்க. செடானைத்தான் சொன்னேன். இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோபி: அப்பாவுக்கு முதுகு வலி. பின் சீட்டில் உட்கார்ந்து வருவார். எம்340ஐ சரிப்படுமா?

பதில்: வேண்டாம் அம்மிணி. டயரின் பக்கச்சுவர் மெல்லிசு, வேகத்தடை ஒவ்வொன்றும் அவர் முதுகுக்குப் போகும். சாதாரண 5 சீரிஸ் அல்லது ஈ கிளாஸ் பாருங்கள்.

தாராபுரம்: 100 ஆக்டேன் போட்டால் இன்னும் வேகம் போகுமா? 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் கெட்டுவிடுமா?

பதில்: ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து என்ஜின் தட்டுவதைத் தாங்கும் அளவு, சக்தி அல்ல. பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் போடுங்கள். 95 கிடைக்கும் பங்க்கில் 95. இ20 ஏற்குமா என்பதும் அங்கேயோ கையேட்டிலோ இருக்கும். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும்.

சேலம்: என்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து 600 நியூட்டன் மீட்டர் ஆக்கலாமா?

பதில்: என்ஜின் தாங்கும். ஆனால் கியர்பாக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு டார்க் வரம்போடுதான் செய்யப்படுகிறது. வாரன்டியும் போகும். அப்படியும் செய்வீர்கள் என்று தெரியும், எண்ணெயையாவது 50,000இல் மாற்றுங்கள்.

உடுமலை: எம்340ஐயா, சி43யா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

பெருந்துறை: ஆடியா, பி.எம்.டபிள்யூவா?

பதில்: அதே பதில்.

மேட்டுப்பாளையம்: ஊட்டி ஏறினால் பவர் குறையுமா?

பதில்: டர்போ இல்லாத என்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், உயரம் 2,200 மீட்டருக்கு மேல். டர்போ இருந்தால் பெரும்பகுதியை அதுவே ஈடுகட்டும்.

அவிநாசி: அந்தப் பழைய வி10 எம்5 ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பதில்: சத்தத்துக்காக எடுக்கலாம். கனெக்டிங் ராட் பேரிங்கும் கியர் மாற்றும் ஹைட்ராலிக் பம்ப்பும் அந்த வண்டியின் பேர்போன செலவுகள். இரண்டும் மாற்றிய பில் இருந்தால் பேசுங்கள், இல்லையென்றால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

காங்கேயம்: இந்த வேகமான செடான்கள் எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?

பதில்: ஊருக்குள் ஏழெட்டு. அது இடிக்கிறது என்றால் டீசல் வாங்குங்கள்.