சிந்தின தண்ணீரை யார் துடைப்பது?

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

தாராவியில் ஒரு தமிழ்ச் சபையில் இந்த வருடம் வாலிபர் சங்கச் செயலாளர் ஆனேன். பெரிய வியாழன் அன்று போதகர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். முடிந்ததும், சிந்தின தண்ணீரைக் கோயில் கூட்டுகிற அம்மா தனியாகத் துடைத்தார்கள். மனசு கேட்காமல் மறுவாரம் நான் பெருக்கப் போனேன். "செயலாளரே துடைப்பத்தை எடுத்தால் நாளைக்கு உன் பேச்சை யார் கேட்பார்கள்?" என்றார் ஒரு மூப்பர். தாழ்மையாக இருந்துகொண்டு தலைமை தாங்க முடியுமா?

ஒரு வாசகர், மும்பை

அன்புள்ள தம்பி,

அந்தச் சிந்தின தண்ணீரைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. யோவான் 13-ஐ எடுத்துப் பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வார்த்ததும் சீஷர்களின் கால்களைக் கழுவியதும் அரையில் கட்டிய சீலையால் துடைத்ததும் இயேசுதான். மிச்ச வேலையென்று அடுத்தவருக்கு எதையும் வைக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அப்போது அங்கேதான் இருந்தான். எழுந்து வெளியே போனது அதற்கு அப்புறம்தான்.

மூப்பர் பயப்படுவதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்ததை அறிந்துதான் இயேசு எழுந்து சீலையைக் கட்டுகிறார். கழுவி முடித்து உட்கார்ந்ததும், என்னைப் போதகர், ஆண்டவர் என்கிறீர்கள், அது சரிதான் என்கிறார். தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இன்று 'ஊழியர்' என்றால் நமக்கு மேடையும் முதல் நாற்காலியும் ஞாபகம் வருகிறது. பழைய திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியாரைக் கூலி கொடுக்காமல் கட்டாய வேலை வாங்குவதற்குப் பெயரே ஊழியம்தான். தெற்கே சபைக்குள் வந்த ஏழை ஜனங்களில் பலர் அந்த ஊழியம் செய்து முதுகு ஒடிந்தவர்கள். அதனால் தாழ்மையைப் பிரசங்கிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு பதைப்பு உண்டு: ஏற்கெனவே குனிந்திருக்கிறவர்களிடமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாற்கு 10-ல் இயேசு தாழ்மையைப் போதித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்ட யாக்கோபும் யோவானும், அதனால் அவர்கள்மேல் எரிச்சலான மற்றப் பத்துப் பேரும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சபைப் பொருளாளர் தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தாத்தா. அசனம் என்கிற சபை விருந்து முடிந்த இரவில், அடிப்பிடித்த சோற்று அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார். நான் டார்ச் பிடிப்பேன். விடியற்காலையில் முனிசிபாலிட்டி தண்ணீர் வந்து நிற்பதற்குள் அலசியாக வேண்டும். நகக்கண்ணெல்லாம் கரி. அதே மனிதர் கமிட்டியில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார். தன் கணக்கையும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "கேள்வி இருந்தா கேளுங்க" என்று உட்காராமல் நிற்பார். அவர் பேச்சை யாரும் தட்டியதாக எனக்கு நினைவில்லை.

துடைப்பத்தை எடுங்கள், சரி. ஆனால் நீங்கள் ஒருநாள் பெருக்கிவிட்டு வந்தால் அந்த அம்மாவுக்கு என்ன மாறும்? அவர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், காய்ச்சல் என்றால் லீவு உண்டா, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யாராவது சங்கத்துக்குக் கூப்பிட்டோமா? இதையெல்லாம் கமிட்டியில் எழுந்து கேட்க உங்கள் கையில் இப்போது ஒரு பொறுப்பு இருக்கிறது. எரிச்சல்படுவார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

2013 பெரிய வியாழனில் போப் பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அதில் இரண்டு பேர் பெண்கள். அடுத்த வருடம் உங்கள் சபையில் அந்தப் பட்டியல் போடும்போது இந்த அம்மாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்னால், சம்மதமா என்று அவர்களிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீரைத் துடைக்க உங்கள் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் கடைசிவரை நிற்கட்டும்.