பழைய மேனுவல் லென்ஸுக்கு எந்த மிரர்லெஸ் பாடி வாங்கலாம்?

தந்தையார் வைத்திருந்த நிக்கான் எஃப் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் வளைய அமைப்பு) கொண்ட, கையால் ஃபோகஸ் செய்யும் 50 மி.மீ. மேனுவல் லென்ஸைப் புதுச்சேரித் தெருக்களில் பயன்படுத்த எந்த மிரர்லெஸ் பாடி (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமராவின் உடற்பகுதி) ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருத்துவது எளிது. அந்த லென்ஸின் மவுண்ட், படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். நிக்கான் இசட் பாடியில் அத்தொலைவு 16, சோனி ஈ பாடியில் 18 மி.மீ. மட்டுமே என்பதால், உள்ளே கண்ணாடி வில்லை ஏதுமற்ற ஒரு வெற்று அடாப்டரே (இணைப்பு வளையமே) எஞ்சிய இடைவெளியை நிரப்பிவிடும். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள) பாடியையே வாங்குங்கள். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி பாடியில் பார்வைக் கோணம் 75 மி.மீ. லென்ஸின் அளவுக்குச் சுருங்கிவிடும், பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் ஒடுங்கிய தெருக்களில் பின்னால் நகர இடமிருக்காது.

நான் மிகவும் வலியுறுத்துவது வியூஃபைண்டரை, அதாவது கண்வைத்துப் பார்க்கும் சிறு திரையைத்தான். லென்ஸின் ஒளித்துளையை முழுமையாகத் திறந்து முகத்தை எடுக்கும்போது, தெளிவாக விழும் விளிம்புகளைக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியின் வண்ணக் கோடுகள் இமையிலும் புருவத்திலும் ஒருசேரத் தோன்றி ஏமாற்றக்கூடும். காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி, அதற்கு ஒரு பொத்தானை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிக்கான் இசட் 5-இன் வியூஃபைண்டரில் சுமார் 36.9 லட்சம் புள்ளிகளும், சோனி ஏ7 II-இல் சுமார் 23.6 லட்சம் புள்ளிகளும் உள்ளன. என் தேர்வு முன்னதே. இரண்டிலும் பாடிக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு உண்டு, ஆனால் லென்ஸ் எந்தத் தகவலையும் அனுப்பாது என்பதால் 50 மி.மீ. என்பதை மெனுவில் நீங்களே பதிய வேண்டும்.

கடற்கரை ஊரின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படிந்திருக்கிறதா என்பதை முதலில் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள்.