பி.எட். சேரும் முன் எந்த வகுப்புக்குக் கற்பிப்பது என்று முடிவு செய்யுங்கள்

கல்வியியல் கல்லூரியில் 27 ஆண்டுகள் கணிதம் கற்பிக்கும் முறை என்ற பாடத்தை நடத்தியவள் நான். ஆசிரியர் வேலைக்கு என்ன படிக்கலாம் என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

"மேடம், எனக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை. வீட்டில், டீச்சர் டிரெயினிங் எல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள், டிகிரி முடித்து பி.எட். போ என்கிறார்கள். நான் இப்போதுதான் பிளஸ் டூ முடித்தேன்." (தென்காசி)

ஆசை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏனம்மா தயக்கம்? 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு உரிய படிப்பு தொடக்கக் கல்விப் பட்டயம்தான். டி.எல்.எட். என்பார்கள், இரண்டு ஆண்டு. பழைய ஆட்கள் வாயில் இன்னும் டீச்சர் டிரெயினிங்தான். அரசு நடத்தும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில், அதாவது டயட்டில், மதிப்பெண் அடிப்படையில் இடம் தருகிறார்கள். கட்டணமும் தாங்கக்கூடியது.

பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்பு எடுக்கலாம் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒரு வழி திறந்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். எம்.எஸ்சி. முடித்தவரை முதல் வகுப்பில் விட்டால் 'அ' எழுத வைக்கத் திணறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வீட்டார் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. பட்டயத்தோடு நின்றால் மேலே போகும் வழி குறுகும். டி.எல்.எட். முடித்ததும் ஒரு பட்டப்படிப்பைத் தொடருங்கள். பிறகு பி.எட். வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கும்.

"மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். நான்கு வருடத்தில் டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்தே முடிகிற படிப்பு நம்பகமானதா?" (விருத்தாசலத்திலிருந்து ஒரு தந்தை)

நம்பகமானதுதான் ஐயா. மூன்று ஆண்டுப் பட்டமும் இரண்டு ஆண்டு பி.எட்.டும் சேர்ந்தால் ஐந்து ஆண்டு. இதில் ஓராண்டு மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், முதல் ஆண்டிலிருந்தே பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் சேர்த்துப் படிப்பது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) கீழ் மைசூரில் இருக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்கானது. 1963-இல் தொடங்கியது. நான்கு ஆண்டு பி.எஸ்சி.எட். படிப்பை அங்கே பல தலைமுறைகளாக நடத்தினார்கள். அங்கே படித்து வந்தவர்களைப் பள்ளியில் பார்த்தாலே தனியாகத் தெரியும், ஆய்வகத்தைப் பூட்டி வைக்க மாட்டார்கள்.

2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் வந்த, நீங்கள் கேட்கும் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்புக்குத் தேசியத் தேர்வு முகமை தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. எந்தக் கல்லூரியானாலும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, படிப்புக்கு இருப்பது வேறு.

"தனியார் பள்ளியில் நான்கு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். பி.எட். இல்லை. பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றில், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சேரலாமா?" (ஓசூர்)

வேண்டாம் தம்பி. சேராதீர்கள்.

பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் ஏறக்குறைய 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், பெரும்பகுதி இரண்டாம் ஆண்டில். நுண்ணிலைக் கற்பித்தல் (ஒரு திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது), அன்றன்றைய பாடத்துக்குத் திட்டம் எழுதுவது, வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது எல்லாம் இதற்குள் வரும். வராமலே வாங்கும் பட்டத்தில் இது எதுவும் இருக்காது. சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கினால் பணமும் போச்சு, ஆண்டும் போச்சு.

நான்கு வருடமாக எடுக்கிறேனே, இனி என்ன பயிற்சி என்று தோன்றலாம். ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் உங்களைப் போலப் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர். ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல். ஒரு சிறுமி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். இவர் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 5/6 என்று சரியான விடையை எழுதிவிட்டு நகர்ந்தார். மாலையில் கேட்டேன்: "அவள் ஏன் 2/5 எழுதினாள்?" "கவனக்குறைவு மேடம்" என்றார். "நாளைக்கு அவளிடமே கேளுங்கள்" என்றேன். கேட்டார். "போன வாரம் பெருக்கும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் பெருக்கச் சொன்னீங்களே சார், அதே மாதிரிதான் கூட்டினேன்" என்றிருக்கிறாள். கவனக்குறைவே இல்லை. அவர் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள்! மறுநாள் இரண்டு தாள்களை மடித்துக் கொண்டுபோனார். "அரைத் தாளே இது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, அந்தச் சிறுமியும்தான். பி.எட். என்பது இதைப் பழகும் இடம். தபாலில் வராது.

வேலையை விட முடியாது என்றால் நேர்மையான வழி ஒன்று உண்டு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலை பி.எட். இருக்கிறது. ஆனால் டி.எல்.எட். போன்ற பயிற்சியை ஏற்கெனவே நேரில் முடித்தவர்களுக்குத்தான் இடம். பாடம் எடுத்த அனுபவம் மட்டும் போதாது. உங்களுக்கு அது பொருந்தாது என்றால் இரண்டு ஆண்டு கல்லூரிக்குப் போவதற்கான வழியைத் தேடுங்கள். சென்னை சைதாப்பேட்டையிலும் திருவல்லிக்கேணி லேடி வெலிங்டனிலும் புதுக்கோட்டை, குமாரபாளையம், ஒரத்தநாடு, வேலூரிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் உண்டு. அவற்றில் செலவு மிகக் குறைவு. உங்களுக்கு ஓசூரிலிருந்து குமாரபாளையம் எட்டாத தூரமில்லை.

"பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கணித ஆசிரியராக முடியுமா?" (சேலம்)

பி.எட். சேரலாம். ஆசிரியர் கல்விக் குழும விதிப்படி பொறியியல் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும். 2019 டிசம்பரில் தமிழக அரசும் பி.இ.யோடு பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வு ('டெட்') எழுதி 6 முதல் 8 வரை கணிதம் எடுக்கலாம் என்று அறிவித்தது. மேல் வகுப்புகளுக்குப் போக விரும்பினால் விஷயம் சிக்கலாகும். அங்கே கணிதப் பட்டமே கேட்பார்கள். அறிவிக்கை ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படியுங்கள்.

"என் பட்டத்தின் பெயர் வழக்கமான பெயரில் இல்லை. அதனால் பிரச்சினை வருமா?" (மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்)

வரும். இதில்தான் நிறையப் பேர் கண்ணீர் விடுகிறார்கள். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய், "இந்தப் பட்டம் இதற்கு இணையானதல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். 'பயன்பாட்டு', 'தொழில்நுட்பம்' என்று ஒட்டு இருக்கும் பட்டங்களுக்கு உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பி.எட். சேரும் முன்பே பாருங்கள்.

இன்னொன்று: பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். இளங்கலை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய முதுகலை அரசுப் பணிக்கு உதவாது. 2009-இலேயே அரசாணை வந்துவிட்டது.

"வயது 42. இனிமேல் பி.எட். படித்து என்ன பயன் என்று கணவர் கேட்கிறார். வேலை கிடைக்குமா?" (மன்னார்குடி)

வயது தடையில்லை அம்மா. அரசுப் பள்ளி ஆசிரியர் நேரடி நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என 2023-இல் உயர்த்தினார்கள்.

வேலை பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளி வேலைக்குப் பி.எட். மட்டும் போதாது. பட்டதாரி ஆசிரியர் என்றால் முதலில் 'டெட்' இரண்டாம் தாள், 150 மதிப்பெண். அதில் தேறினால் வேலை கிடைத்துவிடாது, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வும் உண்டு. 2012 முதல் டெட் தேறிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுடைய வேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆறுதல், அந்தச் சான்றிதழ் ஏழாண்டில் காலாவதியாகும் என்ற விதி 2021-இல் நீங்கி, வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாகிவிட்டது.

முதுகலை இருந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வைப் பாருங்கள். 150-இல் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கணவரிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டு வருமானம் இரண்டு ஆண்டு தாங்குமா? தாங்கும் என்றால் சேருங்கள்.

"ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. அதற்கு ஏதாவது சலுகை?" (அரியலூர்)

அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010 சட்டம். 2020 திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளியை மூடிவிட்டால் பதிவேட்டைத் தேடி அலைய நேரும்.

"என் மகனுக்கு ஆட்டிசம். அவனைப் போன்ற குழந்தைகளுக்கே ஆசிரியையாக விரும்புகிறேன். பி.காம். படித்திருக்கிறேன்." (திருப்பூர்)

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிறப்புக் கல்வி பி.எட். என்று தனியாக உண்டு. இதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும், முடித்ததும் அங்கே பதிவு எண் வாங்கிக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். பி.காம். பட்டத்துக்கு இடம் உண்டா என்பதையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் மகன் போகும் மையத்தில் வேறொரு குழந்தையோடு ஒரு மாதம் உட்கார்ந்து பாருங்கள். தாயாக இருப்பதும் ஆசிரியையாக இருப்பதும் வேறு வேறு களைப்பு.

"பி.எட். கல்லூரியிலேயே பேராசிரியராக?" (காரைக்குடி)

பாடத்தில் முதுகலை, எம்.எட்., இரண்டிலும் 55 விழுக்காடு. மேலே, கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு), இல்லையென்றால் பிஎச்.டி. பள்ளியில் சில ஆண்டாவது பாடம் எடுத்துவிட்டு வாருங்கள் என்பது என் சொந்த வேண்டுகோள்.

"அடுத்த வாரம் கற்பித்தல் பயிற்சி. எட்டாம் வகுப்பு. கை நடுங்குகிறது மேடம்." (பாளையங்கோட்டை)

நடுங்கட்டும், எனக்கும் நடுங்கியது. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வருவதற்கு முன் வகுப்புக்குப் போய்விடுங்கள். கரும்பலகையில் அன்றைய தலைப்பை எழுதிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அதை வாசித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதுங்கள்.